டக் பீடர்சன்: 17 ஆட்டத்தில் 14 தோல்வி கண்ட வீரர், சூப்பர் பவுல் கோச் ஆனது எப்படி?

குவார்ட்டர்பேக்காக 17 ஆட்டங்களைத் தொடங்கினார். ஜெயித்தது 3, தோற்றது 14. இந்த ரெக்கார்டோடு ஓய்வு பெற்ற டக் பீடர்சன்தான், பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணிக்கு முதல் சூப்பர் பவுலை வாங்கிக் கொடுத்த கோச்.

குவார்ட்டர்பேக் என்ன செய்வார்?

அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தை யாருக்கு எறிவது, யார் கையில் கொடுப்பது என்று சில விநாடிகளில் முடிவெடுப்பவர். களத்தில் அந்த இடம் ஒருவருக்குத்தான். பேக்கப் வீரரின் வேலை வேறு: எதிரணி வீடியோ பார்ப்பது, திட்டங்களை மனப்பாடம் செய்வது, காத்திருப்பது.

வீரராக எப்படி?

1991 டிராஃப்டில் எந்த அணியும் எடுக்கவில்லை. மயாமியில் டேன் மரினோ, கிரீன் பேயில் பிரெட் ஃபார்வ் என ஜாம்பவான்களுக்குப் பேக்கப்பாகவே இருந்தார். 1999-ல் ஈகிள்ஸின் புது கோச் ஆண்டி ரீட் மெயின் இடத்தைக் கொடுத்தார். அதுவும் இளம் வீரர் டோனவன் மெக்நாப் தயாராகும் வரைதான். 9 ஆட்டங்களோடு பெஞ்சுக்குத் திரும்பினார்.

கோச் ஆனது எப்போது?

2005-ல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஒரு பள்ளி அணிக்கு. நாலு வருஷம் அங்கேதான். 2009-ல் ரீட் மறுபடி கூப்பிட்டார், ஜூனியர் உதவியாளராக. 2013-ல் ரீடுடன் கான்சாஸ் சிட்டிக்குப் போனார். 2016-ல் ஈகிள்ஸின் தலைமைக் கோச்.

பேசப்பட்ட அந்த முடிவு எது?

2017 டிசம்பரில் மெயின் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸுக்குக் காயம். உள்ளே வந்தவர் பேக்கப் நிக் ஃபோல்ஸ். 2018 பிப்ரவரி 4, சூப்பர் பவுல். எதிரணி நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். ஈகிள்ஸ் 15-12 முன்னிலை. கோட்டுக்கு ஒரு யார்டு தூரம், கையில் கடைசி வாய்ப்பு. கிக் அடிச்சா 3 பாயின்ட் கிட்டத்தட்ட நிச்சயம். பீடர்சன் ரிஸ்க் எடுத்தார். பந்தை எறிய வேண்டிய ஃபோல்ஸே ஓடிப்போய் அதைப் பிடித்தார். டச் டவுன்! ஆட்டம் 41-33. ஆட்ட நாயகன் ஃபோல்ஸ்.

பிறகு என்ன ஆச்சு?

2020 சீசனில் 4 வெற்றி, 11 தோல்வி, 1 டிரா. கோப்பை ஜெயித்து மூணு வருஷம் முடியும் முன்பே வேலை போனது. 2022-ல் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் கோச்சாகி, 0-27 என்று பின்தங்கிய பிளே ஆஃப் ஆட்டத்தை 31-30 என ஜெயித்தார். 2024 சீசனில் 13 தோல்வி. அங்கேயும் வெளியே அனுப்பிட்டாங்க.

பேக்கப் அனுபவம்தான் அவரை ஜெயிக்க வைத்தது என்று ஒருவரை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் 3-14 என்ற ஸ்கோர்கார்டை மட்டும் பார்த்து ஆள் எடுத்திருந்தால், ஈகிள்ஸ் அவரைக் கூப்பிட்டே இருக்காது.