நடராஜா சரிவு: ஒரே படிவில் காணும் வேறுபாடுகள்

கிருஷ்ணகிரி அணையில் நீர் வற்றும் கோடையில் அதன் தரையே ஒரு பாடமாகிறது. தென்பெண்ணை நுழையும் முகப்பில் பருமணலும், அணைச்சுவரை நெருங்க நெருங்க மென்வண்டலும் படிந்திருக்கும். வேகம் குறையும்போது நீர் கனமானதை முதலில் இறக்கிவிடுவதே காரணம். கடலடி நிலச்சரிவுப் படிவுகளுக்கும் இதே விதி பொருந்தும் என்று கொள்வது பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு வலுவான சான்று அரபிக்கடலில் உள்ளது. ஏறத்தாழ 1 கோடியே 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன், மயோசீன் காலத்தில், இந்தியாவின் மேற்குக் கண்டச்சரிவு பெருமளவில் பெயர்ந்து லட்சுமி படுகைக்குள் இறங்கியது. நடராஜா சரிவு எனப் பெயரிடப்பட்ட இதன் கன அளவு ஏறத்தாழ 19,000 கன கிலோமீட்டர் என மதிப்பிடப்பட்டுள்ளது. புவித்தட்டு எல்லையில் அமையாத அமைதியான கண்ட விளிம்புகளில் அறியப்பட்ட சரிவுகளில், தென்னாப்பிரிக்காவின் அகுல்யாஸ் சரிவுக்கு அடுத்த இடம் இதற்கே. 2015இல் பன்னாட்டுக் கடல் ஆய்வுத் திட்டத்தின் 355ஆம் பயணத்தில், ஜாய்டஸ் ரெசொல்யூஷன் கப்பல் இப்படிவை U1456, U1457 என்னும் இரு இடங்களில் துளையிட்டது.

இவ்விரு துளைகளுக்கும் இடையே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு. முதல் துளையில் படிவின் தடிப்பு 300 மீட்டருக்கும் அதிகம். இரண்டாவதில் ஏறத்தாழ 190 மீட்டர். சரிவு புறப்பட்டதாகக் கருதப்படும் சௌராஷ்டிரக் கடல்விளிம்பிலிருந்து பார்த்தால், இரு துளைகளின் தொலைவிலும் பெரிய வேறுபாடில்லை. எனவே தொலைவு மட்டும் இந்த வேறுபாட்டை விளக்காது. U1457 கடலடி மேடான லட்சுமி முகட்டின் அடிவாரத்தை ஒட்டியுள்ளது. உயர்ந்த தரை சரிவைத் தடுக்கும், பள்ளம் அதை வாங்கிக்கொள்ளும். படுகைத் தரையின் வடிவமே தடிப்பைத் தீர்மானித்திருக்கிறது என்பதே பொருத்தமான விளக்கம்.

துளைகளிலிருந்து எடுத்த உருளை வடிவ மாதிரிகளான உள்ளகங்களைக் கிட்டத்தில் நோக்கினால் இரண்டாவது வேறுபாடு புலப்படும். கருஞ்சாம்பல் களிக்கல்லுக்கு நடுவே வெளிர் நிறச் சுண்ணாம்புக்கல் துண்டுகள், சாய்ந்தும் மடிந்தும் கிடக்கும் அடுக்குகள், ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியதன் பளபளத்த தேய்தடங்கள். சுண்ணாம்புக்கல்லில் ஆழமற்ற கடலில் வாழும் நுண்ணுயிர்களின் ஓடுகள் உள்ளன. இன்று அவை 3,500 மீட்டருக்கும் ஆழமான கடலின் தரைக்கடியில் புதைந்துள்ளன. நீரோட்டம் பருமன்வாரியாகப் பிரித்துப் படியவைத்திருந்தால், இத்தனை பெரிய துண்டுகள் கண்ட விளிம்பைவிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது. அடர்த்தியான சேற்றுக் கலவை அவற்றைத் தன்னுள் தாங்கிச் சுமந்து வந்திருக்கிறது. அணை வண்டலில் பருமணல் முகப்பில் நின்றுவிடுகிறது. இங்கோ கற்கள் படுகையின் நடுவரை வந்து சேர்ந்துள்ளன.

இரு துளைகள் போதுமா என்ற கேள்வி நியாயமானது. நில அதிர்வு வரைபடங்கள் படிவின் பரப்பையும் எல்லையையும் காட்டுகின்றன; ஆனால் கல்லும் களியும் எந்த விகிதத்தில் உள்ளன என்பதை உள்ளகமே சொல்லும். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இது வெறும் பழங்கதையன்று. 1929இல் கனடாவின் கிராண்ட் பேங்க்ஸ் சரிவு 12 தந்தி வடங்களை அறுத்து, சுனாமியையும் எழுப்பியது. இன்று ஓசூர்த் தொழிற்கூடங்கள் வெளிநாட்டு வாங்குவோருடன் நடத்தும் தொடர்பும் கடலடி வடங்களையே நம்பியிருக்கிறது. நம் கண்டச்சரிவுகளின் ஆபத்தை மதிப்பிடுவோர் ஒரு துளையின் தடிப்பைப் படுகை முழுவதற்கும் நீட்டக் கூடாது. சரிவின் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் உள்ளகங்கள் எடுத்த பிறகே ஆபத்து வரைபடம் வரைய வேண்டும்.