சாராயத்துக்கு வரி போட்ட கதை

50 மில்லி தண்ணீரையும் 50 மில்லி சுத்தமான ஆல்கஹாலையும் கலந்தால் மொத்தம் எவ்வளவு? நூறு என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் அளவு ஜாடியில் இருப்பது சுமார் 96 அல்லது 97 மில்லிதான்! எதுவும் ஆவியாகிப் போகவில்லை, கீழேயும் சிந்தவில்லை. இரண்டின் மூலக்கூறுகளும் ஒன்றோடொன்று நெருங்கி உட்கார்ந்துகொள்வதால் கன அளவு சுருங்கிவிடுகிறது. எடை மட்டும் துளியும் மாறாது.

ஆய்வகத்தில் இது ஒரு வேடிக்கை. ஆனால் 18ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் இதுவே அரசாங்கத்தின் தலைவலியாக இருந்தது. காரணம், கலால் வரி. சாராயத்தில் எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறதோ அதற்கேற்ப வரி போட வேண்டும். பீப்பாயில் எத்தனை காலன் என்று அளப்பது சுலபம். அதில் பாதி தண்ணீரா, முக்கால் தண்ணீரா என்று எப்படித் தெரியும்?

பழைய முறை ஒன்று உண்டு. வெடிமருந்தைச் சாராயத்தில் நனைத்துத் தீ வைப்பார்கள். பற்றினால் சரக்கு தேறியது, பற்றாவிட்டால் தண்ணீர் அதிகம். ('ப்ரூஃப்' என்ற சொல் வந்ததே இப்படித்தான் என்பார்கள்.) எவ்வளவு ஊற்றினார்கள் என்பதைப் பொறுத்தே முடிவு மாறும் என்பதால், இதை நம்பி வரி வசூலிப்பது கிட்டத்தட்ட சூதாட்டம்தான்.

அடுத்து வந்தது கிளார்க் என்பவரின் திரவமானி. 1787ஆம் ஆண்டு சட்டம் இதை ஏற்றுக்கொண்டது. அடர்த்தி குறைந்த திரவத்தில் மிதவை அதிகமாக மூழ்கும், அவ்வளவுதான் தத்துவம். வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? சாராயத்தில் கொஞ்சம் சர்க்கரையைக் கரைத்தார்கள். அடர்த்தி ஏறியது, சரக்கு "பலவீனமானது" என்று கருவி காட்டியது, வரி குறைந்தது! கருவிக்குத் தெரிந்தது அடர்த்தி மட்டும்தான், ஆல்கஹால் அல்ல. இனிப்பு கலந்த சரக்கை முதலில் காய்ச்சி வடித்து, அதன் பிறகு அளப்பதுதான் இதற்கு வழி.

அரசாங்கம் ராயல் சொசைட்டியிடம் போனது. அதன் செயலாளர் சார்லஸ் பிளாக்டன் 1790இல் அறிக்கை கொடுத்தார். ஜார்ஜ் கில்பின் சோதனைகளைத் திரும்பத் திரும்பச் செய்து 1794இல் விரிவான அட்டவணைகளை வெளியிட்டார். அவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், கன அளவை நம்பாமல் தராசை நம்பியதுதான். சாராயத்தையும் தண்ணீரையும் எடை போட்டுக் கலந்தார்கள். பிறகு ஒரே கண்ணாடிப் புட்டியை நிரப்பி எடை பார்த்தார்கள். வெப்பநிலையை மாற்றி மறுபடியும் பார்த்தார்கள். சுருக்கம் ஒரே சீராக இல்லாததால் சூத்திரம் போட்டுக் கணக்கிட முடியாது, ஒவ்வொன்றாக அளந்தே ஆக வேண்டும். இன்று ஆய்வகத்தில் ஒப்படர்த்தி காண்பதும் ஏறக்குறைய இதே முறையில்தான்.

அட்டவணை தயார். ஆனால் துறைமுகத்தில் நிற்கும் வரி அதிகாரி தராசைத் தூக்கிக்கொண்டு அலைய முடியுமா? அந்தச் சிக்கலைத் தீர்த்தவர் விஞ்ஞானி அல்ல, கலால் துறையிலேயே வேலை பார்த்த பார்த்தலோமியூ சைக்ஸ். அவருடைய பித்தளைத் திரவமானியின் தண்டில் 0 முதல் 10 வரை கோடுகள். கூடவே மாட்டிக்கொள்ள 10 முதல் 90 வரை ஒன்பது எடைகள். ஒரு வெப்பமானி, ஒரு அட்டவணைப் புத்தகம். எல்லாம் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்கிவிடும். பாவம், சைக்ஸ் 1803இலேயே இறந்துவிட்டார். அவருடைய கருவியைச் சட்டம் ஏற்றுக்கொண்டது 1816இல்.

'ப்ரூஃப்' சாராயத்துக்கு வந்த சட்ட விளக்கத்தில் வெடிமருந்து இல்லை, தீயும் இல்லை. 51 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதே கன அளவுள்ள காய்ச்சி வடித்த நீரின் எடையில் பதின்மூன்றில் பன்னிரண்டு பங்கு இருக்க வேண்டும். இன்றைய கணக்கில் சுமார் 57.1 சதவீத ஆல்கஹால்.

பிரிட்டன் இந்த முறையை 1980 ஜனவரி 1 அன்றுதான் கைவிட்டு, 20 டிகிரி செல்சியஸில் கன அளவுச் சதவீதம் என்ற முறைக்கு மாறியது. இந்தியாவில் விற்கும் ரம் பாட்டில்களில் 42.8 சதவீதம் என்று ஒரு விசித்திரமான எண் இருக்கும். 40 இல்லை, 45 இல்லை, அது என்ன 42.8? சைக்ஸ் கணக்கில் 75 டிகிரி ப்ரூஃப். 57.1இல் முக்கால் பங்கு போட்டுப் பாருங்கள், வரும்.