நோயாளிகளுக்காக வளர்க்கப்பட்ட தோட்டங்கள்



ஜும்ஆ தொழுது முடித்த பின் நம்மில் பலர் நேரே வீடு செல்கிறோம். உண்டு, சற்றுக் கண்ணயர்கிறோம். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மொரோக்கோவின் மராக்கிஷ் நகரிலிருந்து ஆட்சி செய்த மன்னர் ஒருவர், ஜும்ஆ முடிந்ததும் வாகனமேறி மருத்துவமனைக்குச் செல்வதை வழக்கமாக்கியிருந்தார். முவஹ்ஹிதீன் வம்சத்துக் கலீஃபா அபூ யூசுஃப் யஅகூப் அல்மன்சூர் (ஆட்சிக்காலம் 1184–1199) அவர்கள்தாம் அவர். ஒவ்வொரு நோயாளியிடமும் நலம் விசாரிப்பார்; பணியாளர்கள் சரியாகக் கவனிக்கிறார்களா என்றும் கேட்பார். மரணமடையும் வரை இவ்வழக்கத்தை அவர் விடவில்லை என்று வரலாற்றாசிரியர் அப்துல் வாஹித் அல்மர்ராகுஷீ 1224ஆம் ஆண்டில் எழுதிய தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

அந்த மருத்துவமனையை அல்மர்ராகுஷீ வர்ணிக்கும் விதம் கவனிக்கத்தக்கது. நகரிலேயே சமதளமான, விசாலமான இடத்தை மன்னர் அதற்குத் தேர்ந்தெடுத்தார். உள்ளே நறுமணம் தரும் மரங்களையும் கனி தரும் மரங்களையும் நடுமாறு உத்தரவிட்டார். எல்லா அறைகளுக்கும் ஓடுநீர் சென்றது. அதற்கு மேலாக நடுவில் நான்கு தடாகங்கள். அவற்றில் ஒன்று வெண்பளிங்கினால் ஆனது. மருந்துச் செலவு நீங்கலாக, உணவுக்கும் அன்றாடத் தேவைகளுக்கும் மட்டும் நாளொன்றுக்கு முப்பது தீனார் ஒதுக்கப்பட்டது. குணமடைந்து வெளியேறுபவர் ஏழையாயின், அவர் சொந்தக் காலில் நிற்கும் வரை வாழ்வதற்குப் பணமும் கொடுக்கப்பட்டது. உள்ளூர்வாசி, அந்நியர், செல்வர், வறியவர் என்ற பேதம் அங்கே இல்லை. அக்கட்டடம் இன்று இல்லை. எழுத்தில் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

மருந்து, உணவு, மருத்துவர் ஆகியவற்றோடு மரமும் ஏன் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது? இக்கேள்வியை நான் தேடிப் படித்ததற்கு எங்கள் மஹல்லாவில் எழுந்த ஒரு பிரச்சினையே காரணம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அக்கால மருத்துவ மேதைகள் உடலையும் உள்ளத்தையும் பிரித்துப் பார்க்கவில்லை. பல்க் நகரைச் சேர்ந்த அபூ ஸைத் அல்பல்கீ (ரஹ்) ஹிஜ்ரி 322இல், அதாவது கி.பி. 934இல் மறைந்தவர். உடல்நலம், உள்ளநலம் இரண்டையும் ஒரே நூலில் இரு பாகங்களாக அவர் எழுதினார். உடல் நோயுற்றால் உள்ளம் தன் ஆற்றலை இழக்கிறது. உள்ளம் நொந்தால் உடல் இன்பங்களைச் சுவைக்க இயலாமல் இறுதியில் நோயில் விழுகிறது என்பது அவரது கருத்து. கண் காண்பது, காது கேட்பது, மூக்கு நுகர்வது அனைத்தும் நலத்தோடு தொடர்புடையவை என்று கருதிய ஒரு மரபிலிருந்துதான் பீமாரிஸ்தான்கள் தோன்றின. பீமார் என்றால் பாரசீகத்தில் நோயாளி. பீமாரிஸ்தான் நோயாளிகளின் இல்லம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பக்தாதில் மருத்துவமனை கட்ட இடம் தேடியபோது, இமாம் ராஸீ அவர்கள் நகரின் பல பகுதிகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எங்கே தாமதமாக அழுகியதோ அங்கே காற்று தூய்மையானது என்று முடிவு செய்த சம்பவத்தை நாம் மிம்பரில் அடிக்கடி சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அச்சம்பவம் இணைக்கப்படும் அழுதுத் தவ்லா மருத்துவமனை திறக்கப்பட்டது கி.பி. 982இல், ராஸீ அவர்களோ அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே மறைந்துவிட்டார்கள். பழைய வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆவே இதில் ஐயம் தெரிவித்துள்ளார். நம்முடைய உண்மையான வரலாறே போதுமான அளவு அழகானது. கதைகளைக் கொண்டு அதை அலங்கரிக்கத் தேவையில்லை.

எல்லா பீமாரிஸ்தான்களிலும் சோலை இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. டமாஸ்கஸில் சுல்தான் நூருத்தீன் ஸங்கீ (ரஹ்) 1154இல் நிறுவிய மருத்துவமனையின் நடுமுற்றத்தில் பெரிய நீர்த்தடாகம் உள்ளது. அறைகள் அதை நோக்கித் திறக்கின்றன. அங்கே சிகிச்சை பெற்றுக் குணமடைந்த கலாவூன், பின்னாளில் எகிப்தின் சுல்தானாகி, 1284இல் கெய்ரோவில் தாமும் ஒன்றைக் கட்டினார். நெருக்கடியான கடைத்தெருவில் அமைந்தது அது. நிலத்துக்கு வழியில்லாத அங்கே நீரூற்றுகள் இருந்தன. கோடையில் நோயாளிகள் விசிறிக்கொள்வதற்குப் பேரீச்ச ஓலை விசிறிகள் வாங்குவதும் அதன் வக்ஃப் பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தது. அலெப்போவில் 1354இல் ஆளுநர் அர்கூன் அல்காமிலீ நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளிகளின் அறைகள் ஒரு சிறு முற்றத்தைச் சூழ்ந்திருக்கின்றன; அதன் மத்தியிலும் தடாகம் உண்டு. விலங்கிட்டு இருட்டறையில் அடைப்பதே உலகின் பல பாகங்களில் வழக்கமாயிருந்த காலம் அது.

இவற்றுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது எதிர்னே நகரத்து மருத்துவமனை. துருக்கியின் வடமேற்கு எல்லையில், துன்ஜா நதிக்கரையில் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத் அவர்கள் 1484இல் அடிக்கல் நாட்டி 1488இல் பணி முடித்த வளாகம் அது. பள்ளிவாசல், மருத்துவ மத்ரஸா, ஏழைகளுக்கு உணவிடும் இல்லம் ஆகியவற்றோடு மருத்துவமனையும் அதில் அடக்கம். அதன் பிரதான மண்டபம் அறுகோண வடிவமானது. மேலே குவிமாடம், நடுவில் நீரூற்று. தண்ணீர் விழும் ஓசை அதைச் சூழ்ந்த அறைகளிலெல்லாம் கேட்கும். 1652இல் அங்கே சென்ற பயணி எவ்லியா செலபி, பாடகர்களும் வாத்தியக்காரர்களுமாகப் பத்துப் பேர் வாரம் மூன்று நாள் நோயாளிகளுக்காக வந்ததாகவும், வசந்த காலத்தில் மல்லிகை, ரோஜா, நர்கீஸ், துலிப் முதலிய மலர்கள் அவர்களுக்கு வழங்கப்பட்டதாகவும் எழுதுகிறார். நறுமணத்தால் குணப்படுத்துவது அதன் நோக்கம். ஆனால் சிலர் அப்பூக்களைத் தின்றுவிட்டார்களாம். சிலர் காலால் மிதித்தார்களாம்! எவ்லியா மிகைப்படுத்திப் பேசுபவர் என்பது அறிஞர்கள் அறிந்ததே. எனினும் இந்தச் சிறு செய்தி கண்ணால் கண்டவர் சொல்லக்கூடியது என்றே எனக்குத் தோன்றுகிறது. புகழ நினைப்பவர் இதைக் கற்பனை செய்திருக்க மாட்டார். அங்கே நோயாளிகள் சிலர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததையும் அவரே எழுதியுள்ளார். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பூவை மிதிப்பவனுக்கும் மறு வசந்தத்தில் பூக் கொடுத்தார்கள் என்பதே இங்கு முக்கியம். 1997 முதல் அக்கட்டடம் ஒரு பல்கலைக்கழகத்தின் மருத்துவ அருங்காட்சியகமாக இயங்குகிறது. 2004இல் ஐரோப்பிய கவுன்சிலின் அருங்காட்சியக விருதையும் பெற்றது.

இதெல்லாம் மன்னர்களின் ஆடம்பரம்தானே என்று கேட்கலாம். அமெரிக்க ஆய்வாளர் ராஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் எடுத்துக்கொண்டார். வயது, பால் முதலியவற்றில் ஒத்தவர்களை இருவர் இருவராகச் சேர்த்தார். ஒருவருடைய ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மற்றவருடைய ஜன்னலுக்கு வெளியே செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் அறுவைக்குப் பின் சராசரியாக 7.96 நாட்களில் வீடு திரும்பினர். சுவரைப் பார்த்தவர்களுக்கு 8.70 நாட்கள் ஆயின. வீரியமான வலி மருந்துகளும் முதல் பிரிவினருக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 46 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அதன்மேல் கோட்டை கட்டிவிடக் கூடாது. ஆனால் அதன் பின் பெரிய ஆய்வுகளும் வந்துள்ளன. 2019இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் விசாரித்ததில், வாரத்தில் மொத்தம் 120 நிமிடங்களாவது பூங்கா, கடற்கரை, காடு போன்ற இடங்களில் செலவிட்டவர்களே தம் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாக அதிகம் கூறினர். நலமானவர்களே அதிகம் வெளியே செல்வதும் இதற்கு ஓரளவு காரணமாகலாம் என்பதை ஆய்வாளர்கள் மறுக்கவில்லை. நோய் தீர்ப்பவன் அல்லாஹ்வே. மரமும் மாத்திரையும் அவன் ஏற்படுத்திய காரணங்கள்.

இனி எங்கள் மஹல்லா விஷயம். ஜமாஅத்துக்குச் சொந்தமான வக்ஃப் நிலத்தில் ஏழைகளுக்காகச் சிறு மருத்துவமனை கட்ட முடிவாகி, வரைபடம் என் கைக்கும் வந்தது. பன்னிரண்டு படுக்கைகள். நிலத்தின் மேற்கு ஓரத்தில் நிற்கும் இரண்டு வேப்பமரங்களின் இடத்தில் ஜெனரேட்டர் அறை. ஜன்னல்கள் அனைத்தும் பக்கத்துக் கட்டடத்தின் சுவரை நோக்கியவை. மரங்களை விட்டுவைத்து ஜன்னல்களை மேற்கே திருப்பினால் இரண்டு படுக்கைகள் குறையும் என்கிறார் பொறியாளர். "ஹஜ்ரத், இரண்டு ஏழைகளைத் திருப்பி அனுப்பிவிட்டு மரத்தை வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்களா?" என்று நிர்வாகி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், அன்று என்னிடம் பதில் இல்லை. மரத்தைப் பார்த்துப் படுத்தவர்கள் முக்கால் நாள் முன்பே எழுந்து சென்றார்கள் என்றால், அதே கட்டிலில் அடுத்த ஏழை முக்கால் நாள் முன்பே படுக்கலாம். பத்துக் கட்டில்களுக்கு இக்கணக்கைப் போட்டுப் பார்த்தேன். குறைகிற இரண்டு கட்டில்களை அது முழுவதும் ஈடு செய்யாது. பாதியளவுக்குச் சற்றுக் குறைவாகத்தான் வருகிறது. மீதியை நன்கொடையாளர்கள் உதவியுடன் மாடியில் ஓர் அறை எழுப்பிச் சரிசெய்யலாமா என்று பொறியாளரிடம் கேட்டிருக்கிறேன். வரும் ஞாயிறு இஷாவுக்குப் பின் நிர்வாகக் கூட்டம். இந்தக் கணக்கையும் எதிர்னே நகரின் படம் ஒன்றையும் எடுத்துச் செல்கிறேன்.