குதிரை மருத்துவம்: சூட்டுக்கோல் முதல் மின்சிகிச்சை வரை

ஓட்டப் பந்தயம், போலோ, தடை தாண்டல் போன்ற போட்டிகளில் ஈடுபடும் குதிரைகளுக்கு ஏற்படும் தசை, மூட்டு, தசைநாண் காயங்களுக்கு மென்மையான மின்னோட்டத்தாலும் மின்காந்தத் துடிப்பாலும் அளிக்கப்படும் பராமரிப்பு குதிரை மின்சிகிச்சை எனப்படுகிறது. இது இருபதாம் நூற்றாண்டில் உருவான துறை. ஆனால் இது விடை காண முயலும் கேள்வி மிகப் பழையது. பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குதிரை நொண்டினால் என்ன செய்வது? தமிழகத்தில் இக்கேள்விக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளை இக்கட்டுரை தொகுத்துக் கூறுகிறது.

செஞ்சி வழி

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் கீழ்பென்னாத்தூர் அமைந்துள்ளது. இவ்வழியின் கிழக்கு முனையில் உள்ள செஞ்சிக் கோட்டையில் குதிரை லாயம் என்று காட்டப்படும் கட்டடம் இன்றும் நிற்கிறது. செஞ்சியை ஆண்ட பந்தேல ராஜபுத்திரர் தேஜ்சிங், மக்கள் வழக்கில் தேசிங்கு ராஜா, ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையுடன் போரிட்டு 1714 அக்டோபரில் மாண்டார். அவரைப் பற்றிய கதைப்பாடலில் அரசருக்கு நிகரான பாத்திரம் அவருடைய குதிரை பாராசாரி. டில்லியில் எவருக்கும் அடங்காத அக்குதிரையைத் தேசிங்கு அடக்கியதாகக் கதை கூறும். அவருடைய நண்பர் மகமத்துகானின் குதிரை நீலவேணிக்கும் கதையில் இடமுண்டு.

வழியின் மேற்கு முனையில் உள்ள திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழாவை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தைக்குக் குதிரைகளும் விற்பனைக்கு வருவதுண்டு. கதைப்பாடலும் சந்தையும் குதிரையின் வீரத்தையும் விலையையும் பேசுகின்றன. அதன் கால்வலியைப் பற்றிய செய்திகளை வேறிடங்களில்தான் தேட வேண்டியுள்ளது.

கடல்வழி வந்த குதிரைகள்

தமிழகத்தின் வெப்பமும் ஈரப்பதமும் குதிரை இனப்பெருக்கத்துக்கு ஏற்றவை அல்ல. எனவே நல்ல குதிரைகள் பெரும்பாலும் வெளியிலிருந்தே வந்தன. காவிரிப்பூம்பட்டினத்தில் குதிரைகள் கடல்வழியாக வந்திறங்கியதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பாண்டிய மன்னன் குதிரை வாங்கக் கொடுத்த பொருளை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயில் பணிக்குச் செலவிட்டதும், இறைவன் நரிகளைப் பரிகளாக்கியதும் தமிழர் நன்கறிந்த திருவிளையாடல். அரசின் கருவூலத்தில் குதிரைக்கு எவ்வளவு பெரிய பங்கு இருந்தது என்பதை இக்கதையும் உணர்த்துகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கியதாகவும், ஆண்டு முடிவில் நூறு கூட உயிரோடு எஞ்சவில்லை என்றும் எழுதினார். குதிரை பேணத் தெரிந்தவர்கள் இல்லாததே காரணம் என்பது அவர் கருத்து. குதிரைகள் செத்துக்கொண்டிருந்தால்தான் விற்பனை நடக்கும் என்பதால், வணிகர்கள் தம்முடன் குதிரை மருத்துவர்களை அழைத்து வரவில்லை என்றும் அவர் குறிப்பிட்டார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார் என்று பதிவு செய்துள்ளார்.

பயணியின் கூற்றில் மிகை இருக்கலாம். ஆனால் அவர் தரும் தீவன விவரம் கவனிக்கத்தக்கது. குதிரைகளுக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துக் கொடுத்தார்கள் என்கிறார். குதிரையின் செரிமானம் புல்லின் நாரைப் பெருங்குடலில் நொதிக்கவைத்துச் சத்தாக்கும் அமைப்பு. மாவுச்சத்து மிகுந்த உணவைத் திடீரென மிகுதியாகக் கொடுத்தால் கடும் வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் வரும். குதிரையால் வாந்தி எடுக்கவும் இயலாது. மேலும், குளிர்ந்த நாட்டுக் குதிரைகள் சில ஈரவெப்பத்தில் வியர்க்கும் திறனையே இழந்துவிடுகின்றன. வியர்வை நின்ற குதிரையால் ஓட முடியாது. அரசர்களின் குதிரைகளைக் கொன்றது அன்பின் குறை என்று சொல்ல இயலாது. அறிவின் குறையும் வணிகத்தின் கணக்கும் சேர்ந்தே அவற்றைக் கொன்றன.

விசயநகரக் காலத்திலும் இக்கணக்கு தொடர்ந்தது. சாளுவ நரசிம்மர் ஆயிரம் பர்தாவோவுக்கு மூன்று குதிரை என்ற விலையில், உயிரோடு வந்தாலும் செத்து வந்தாலும் வாங்கினார் என்றும், கடலில் இறந்த குதிரையின் வாலைக் காட்டினாலே பணம் கொடுத்தார் என்றும் போர்த்துக்கீசியரான நூனிசு எழுதியுள்ளார்.

ஏட்டில் இருந்த மருத்துவம்

இந்தியாவில் குதிரை மருத்துவ அறிவு இல்லாமல் இல்லை. சாலிஹோத்திரர் பெயரால் வழங்கும் வடமொழி நூல்மரபு குதிரையின் இலக்கணம், வயது, நோய், மருந்து ஆகியவற்றை விரிவாகப் பேசுகிறது. பாரதத்தில் விராட நகரில் மறைந்து வாழ்ந்தபோது குதிரை காப்பவனாக இருந்த நகுலன் பெயராலும் ஒரு அசுவ சாத்திரம் உண்டு. வண்ண ஓவியங்களுடன் கூடிய அந்நூலைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952-இல் பதிப்பித்தது. அந்நூலகத்தை வளர்த்த இரண்டாம் சரபோசி மன்னர் (ஆட்சி 1798–1832) மருத்துவ ஆய்வுக்கெனத் தன்வந்திரி மகாலை நடத்தியவர். அவரைச் சந்தித்த ஆயர் ஹீபர், குதிரையின் தரம் அறிவதில் வல்லவர் என்று அவரைப் பாராட்டினார்.

இந்நூல்கள் பெரும்பாலும் அரண்மனைக்குள் இருந்தன. லாயத்தில் குதிரையைத் தேய்த்துவிட்டுத் தண்ணீர் காட்டிய குதிரைக்காரரிடமும் லாடம் அடிப்பவரிடமும் இருந்தது கைவழி வந்த அறிவு. கொள்ளு ஊறவைப்பதும், நடைக்குப் பின் உடலைத் தேய்ப்பதும், வீங்கிய காலுக்குப் பற்றுப் போடுவதும், கடைசி மருந்தாகச் சூடு போடுவதும் அவர்களுடைய முறைகள்.

ஓசூர், கிண்டி, வேப்பேரி

ஆங்கிலேயர் காலத்தில் குதிரை படைத்துறையின் கணக்கில் வந்தது. படைக்குக் குதிரை வளர்க்க 1824-இல் ஓசூரில் ஒரு பண்ணை தொடங்கப்பட்டது. அது பிற்காலத்தில் அரசுக் கால்நடைப் பண்ணை ஆயிற்று. சென்னை கிண்டியில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே பந்தயங்கள் நடந்தன. 1896-இல் சென்னை பந்தயக் கழகம் அமைந்தது. வேப்பேரியில் ‘டாபின் ஹால்’ என்ற கட்டடத்தில் 1903-இல் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 1989-இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் உறுப்பாக அது இன்று விளங்குகிறது.

பந்தயம் குதிரையின் காயத்தை மாற்றியது. வண்டிக் குதிரைக்குத் தோளில் புண் வரும். பந்தயக் குதிரைக்குக் காலின் பின்புறத் தசைநாண் கிழியும். ஓய்வில் நிமிடத்துக்கு 30 முதல் 40 வரை துடிக்கும் குதிரையின் இதயம் முழு ஓட்டத்தில் 220-ஐத் தாண்டும். அந்த வேகத்தில் ஒரு கணம் முழு உடல் எடையும் ஒற்றைக் காலில் இறங்குகிறது. முன்முழங்காலுக்குக் கீழே குதிரைக்குத் தசை என்று சொல்லத்தக்கது இல்லை. எலும்பும் தசைநாணும் தோலுமே உள்ளன. தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே அது ஆற ஓராண்டு வரையிலும், சில வேளை அதற்கு மேலும் ஆகும்.

சூடு போடுதல்

ஆறாத காலுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடும் வழக்கம் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. அரபு நாடுகளிலும் ஐரோப்பாவிலும் அது இருந்தது. இங்கிலாந்தில் படித்த கால்நடை மருத்துவர்களும் இருபதாம் நூற்றாண்டில் இதைச் செய்தனர். புதுப்புண் இரத்தத்தை இழுத்துவந்து பழைய புண்ணை ஆற்றும் என்பது நம்பிக்கை.

இதைச் சோதித்த பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் அறிக்கை 1983-இல் வெளிவந்தது. சூடு தசைநாணை ஆற்றவில்லை என்று அவர்கள் கண்டனர். சூடு போட்ட குதிரையைப் பல மாதங்கள் ஓட்ட முடியாது. அந்தக் கட்டாய ஓய்வே அதைக் குணப்படுத்தியிருக்கிறது. நூற்றாண்டுகளாக இரும்புக்குக் கிடைத்த புகழ் உண்மையில் ஓய்வுக்கு உரியது. குதிரைச் சிகிச்சை எதையும் மதிப்பிடும்போது இம்முடிவை நினைவில் வைக்க வேண்டும்.

மின்சாரம் லாயத்துக்கு வந்த வரலாறு

தவளையின் காலில் மின்சாரம் பட்டதும் தசை துடிப்பதை இத்தாலியரான கால்வானி 1791-இல் நூலாக வெளியிட்டார். 1831-இல் பாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த பின், விட்டுவிட்டுப் பாயும் மின்னோட்டத்தால் தசையைச் சுருக்கி விரிக்கும் ‘பாரடிசம்’ மனித மருத்துவத்தில் பரவியது.

இதனைக் குதிரைகளுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் இங்கிலாந்தின் இயன்முறை மருத்துவர் சார்லஸ் ஸ்ட்ராங். அரச குடும்பத்தினருக்கும் சிகிச்சை அளித்தவர் அவர். போலோ ஆட்டக்காரரும் பிற்காலத்தில் இந்தியாவின் கடைசி வைசிராயாக இருந்தவருமான மவுண்ட்பேட்டனின் தூண்டுதலால் அவர் குதிரைகளின் பக்கம் திரும்பினார். மின்முனையைத் தசைகளின் மேல் ஒவ்வொன்றாக வைத்து, எந்தத் தசை சுருங்கும்போது குதிரை உடலை இழுத்துக்கொள்கிறது என்று பார்த்து வலியிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். பிறகு அதே தசையைச் சீராக இயக்கி வலுவூட்டினார். வாய் பேசாத உயிரிடம் வலி எங்கே என்று கேட்கும் வழியாகவும் மின்சாரம் பயன்பட்டது.

இன்றைய முறைகள்

தற்போது பயன்பாட்டில் உள்ள முறைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

தசைத் தூண்டல்: நரம்பின் வழியே தசையைச் சுருக்கும் மின்துடிப்பு இது. நீண்ட ஓய்வால் மெலிந்த முதுகுத் தசையையும் பின்தொடைத் தசையையும் பேண உதவும். தசையே இல்லாத கீழ்க்காலில் இதற்கு வேலை இல்லை.

நரம்புவழி வலிக்குறைப்பு: தொடு உணர்வைச் சுமக்கும் நரம்புகளைத் தூண்டினால் முதுகுத்தண்டில் வலிச்செய்தி தடுக்கப்படும் என்ற ‘வலிக் கதவு’ கோட்பாட்டை மெல்சாக், வால் ஆகியோர் 1965-இல் வெளியிட்டனர். இச்சிகிச்சை அதனை அடிப்படையாகக் கொண்டது. இது வலியைக் குறைக்கும். காயத்தை ஆற்றும் என்று கொள்ள முடியாது.

மின்காந்தத் துடிப்பு: சுருள்கம்பிகள் பொதிந்த போர்வையைக் குதிரையின் மேல் விரித்து மென்காந்தப் புலத்தை உண்டாக்குவர். மனிதரில் ஒன்றுசேராத எலும்பு முறிவுக்கு இம்முறையை அமெரிக்க அரசு 1979-இல் ஏற்றது. குதிரையின் முதுகுவலிக்கு இதன் பயன் உறுதியாகவில்லை. போலோ குதிரைகளிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், உண்மைச் சிகிச்சைக்கும் மின்சாரம் பாயாத போலிச் சிகிச்சைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

குதிரை மனிதரைவிட மின்சாரத்தை எளிதில் உணரும் விலங்கு. அடர்ந்த முடி மின்னோட்டத்தைத் தடுப்பதால் தோலை நனைத்தோ களிம்பு பூசியோ மின்முனையை வைக்க வேண்டும். மிகக் குறைந்த அளவில் தொடங்கிக் குதிரை பழகிய பின்னரே கூட்ட வேண்டும். நொண்டலின் காரணத்தைக் கால்நடை மருத்துவர் உறுதிசெய்யும் முன் தொடங்கக் கூடாது. எலும்பில் வெடிப்பு இருக்கும் காலைச் சுற்றியுள்ள தசையை இயக்கினால் வெடிப்பு முறிவாகலாம்.

வலியைக் குறைப்பதும் மறைப்பதும்

மின்சிகிச்சையின் முதன்மையான அறச்சிக்கல் இங்குதான் எழுகிறது. வலி குதிரையை ஓடாமல் தடுக்கும் காவல். அதை நீக்கிவிட்டு மறுநாள் ஓட்டினால் பாதி கிழிந்த தசைநாண் முழுதும் கிழியும். இதனாலேயே அதிர்வலைச் சிகிச்சை பெற்ற குதிரை குறைந்தது ஐந்து நாள் கழித்தே போட்டியில் இறங்கலாம் என்று உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பு விதித்துள்ளது. மறுபக்கம், கையடக்க மின்கருவியால் குதிரைக்கு அதிர்ச்சி கொடுத்து வேகம் கூட்டும் குற்றமும் பந்தய உலகில் நடந்துள்ளது. ஒரே மின்சாரம் மருந்தாகவும் சாட்டையாகவும் ஆகியிருக்கிறது.

இந்தியாவில் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நோயுற்ற, காயமுற்ற விலங்கை வேலை வாங்குவதைக் குற்றமாக்குகிறது. பந்தயக் குதிரைக்கும் சந்தைக் குதிரைக்கும் இச்சட்டம் பொது.

மதிப்பீடு

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தை புகழ்பெற்றது. அங்கும் திருவண்ணாமலைத் தீபச் சந்தையிலும் குதிரை வாங்குபவர்களில் பலர் மின்காந்தப் போர்வையை வாங்கப் போவதில்லை. அவர்களுக்குத் தேவையானவை எளியவை: நாருள்ள தீவனம், நிழல், தூய தண்ணீர், காலத்தில் மாற்றும் லாடம், நொண்டும் குதிரைக்கு ஓய்வு. விலையுயர்ந்த பந்தயக் குதிரைக்கும் அடிப்படை இதுவே. மின்கருவி இவற்றுக்குத் துணையாகலாம், மாற்றாகாது.

பாண்டியர் காலத்தில் குதிரைகள் பராமரிப்பறிவு இல்லாமல் இறந்தன. இன்று அறிவு உண்டு, கருவி உண்டு. தசைநாண் ஆறுவதற்கு ஆகும் காலம் மட்டும் அன்றுபோலவே நீண்டது. அக்காலத்தைக் குதிரைக்குக் கொடுக்க உரிமையாளர் ஆயத்தமாக இருக்கிறாரா என்பதே, சூட்டுக்கோல் நாள் முதல் இன்றுவரை, சிகிச்சையின் பலனைத் தீர்மானிக்கிறது.