மக்காச்சோளப் படைப்புழு

மக்காச்சோளப் படைப்புழு என்பது மக்காச்சோளம், சோளம், கரும்பு, நெல், அறுகம்புல் முதலிய புல்லினத் தாவரங்களைப் பெரிதும் விரும்பி உண்ணும் ஓர் அந்துப்பூச்சியின் புழுப் பருவம் ஆகும். இதன் அறிவியற் பெயர் ஸ்போடோப்டெரா ஃப்ரூஜிபெர்டா. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளே இதன் தாயகம். 2016இல் ஆப்பிரிக்காவிலும் 2018 மே மாதத்தில் கருநாடகத்தின் சிவமொக்கா பகுதியிலும் இது கண்டறியப்பட்டது. அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டிலும் பரவியது.

சின்னசேலம் பகுதி

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சின்னசேலம் வட்டாரத்தில் ஆடி, புரட்டாசிப் பட்டங்களில் மக்காச்சோளம் விதைக்கப்படுகின்றது. கோழித் தீவனத்திற்கு விற்கப்படும் பணப்பயிர் என்பதால், மானாவாரி உழவருக்கு ஒரு பருவத்தின் இழப்பே கடனாக முடியக்கூடும். 2018-19 பருவத்தில் இப்பூச்சி தமிழகத்தின் மக்காச்சோள வயல்களில் பெருஞ்சேதம் விளைவித்தது. அப்போது சின்னசேலம் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது.

வாழ்க்கை வட்டம்

தாய் அந்துப்பூச்சி இலைகளில் குவியலாக முட்டையிட்டு அவற்றைத் தன் உடற்செதில்களால் மூடுகின்றது. புழுவின் தலையில் தலைகீழான 'ஒய்' வடிவக் கோடும், உடலின் பின்பகுதியில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் காணப்படும். இளம்புழுக்கள் இலையின் பச்சையத்தைச் சுரண்டும். வளர்ந்தவை குருத்துக்குள் புகுந்து, தம் கழிவாலேயே வாயிலை அடைத்துக்கொள்ளும். அதன்பின் தெளிக்கும் மருந்து புழுவை எட்டுவது அரிது. ஆகவே முதல் சில வாரங்களே உழவர் கையில் உள்ள காலம் எனலாம். கூட்டுப்புழு மண்ணில் இருக்கும். வெப்பமான காலத்தில் ஏறத்தாழ 30 நாட்களில் ஒரு தலைமுறை முடிந்துவிடும்.

தடுப்பு முறைகள்

கோடை உழவு கூட்டுப்புழுக்களை வெயிலுக்கும் பறவைகளுக்கும் வெளிக்காட்டுகின்றது. கடைசி உழவில் எக்டருக்கு 250 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடுவதும், விதைநேர்த்தி செய்வதும், ஓர் ஊரில் அனைவரும் ஒரே காலத்தில் விதைப்பதும் பரிந்துரைக்கப்படுகின்றன. இவற்றுள் கடைசியானதே கடினமானது; மழையை நம்பிய நிலத்தில் எல்லோரும் ஒரே வாரத்தில் ஏர் பூட்டுவதில்லை. வரப்பில் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி ஆகியவற்றை விதைத்தால் நன்மை செய்யும் பூச்சிகள் பெருகும். முட்டைக் குவியல்களைக் கையால் நசுக்குவது செலவில்லா வழி. இனக்கவர்ச்சிப் பொறிகள் அந்துப்பூச்சியின் வருகையை அறிய உதவும்.

நூறு செடிகளில் ஐந்து முதல் பத்து வரை தாக்கப்பட்டிருந்தால் மருந்து தேவைப்படும். தொடக்கத்தில் வேப்பெண்ணெய் சார்ந்த அசாடிராக்டின் போதுமானது. பின்னர் எமாமெக்டின் பென்சோயேட் (10 லிட்டர் நீருக்கு 4 கிராம்) அல்லது ஸ்பைனிடோரம் (5 மில்லி லிட்டர்), குருத்தினுள் விழுமாறு காலை அல்லது மாலையில் தெளிக்கப்படும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் புழு எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும்.

புல்தரைகளில்

அமெரிக்காவில் இப்புழு வீட்டுப் புல்வெளிகளுக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் அறிமுகமான எதிரி. கூட்டமாக மேய்ந்து, பச்சைத் தரையைச் சில நாட்களில் பழுப்பாக்கிவிடும். ஐயம் எழுந்தால் ஒரு சதுர மீட்டர் அளவில் சோப்புக் கரைசலை ஊற்றிப் பார்க்கலாம். புழுக்கள் இருப்பின் சில நிமிடங்களில் மேலே வந்துவிடும்.