டார்வினின் மண்புழு நூலில் நம் நீலகிரி

கல்கத்தாவுக்கு நான் வந்த முதல் மழைக்காலத்தில் வாடகை வீட்டு முற்றமெல்லாம் மண்புழு. உப்பைத் தூவிக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "அது பாட்டுக்கு உழுதுட்டுப் போகுது, உன்னை என்னடா பண்ணுச்சு?" என்றாள். உழுகிறதாவது என்று சிரித்தேன்.

சிரித்தது நான் மட்டுமல்ல. வயலில் கொட்டிய சுண்ணாம்பும் சாம்பல் கட்டியும் சில ஆண்டுகளில் மண்ணுக்குள் இறங்கிவிடுவதைச் சார்லஸ் டார்வினுக்கு அவருடைய தாய்மாமன்தான் முதலில் காட்டினார். மண்புழு அடிமண்ணைத் தின்று மேலே கழிப்பதே காரணம் என்று டார்வின் 1837-ல் லண்டன் நிலவியல் கழகத்தில் சொன்னார். இத்தனூண்டு புழுவா இவ்வளவு வேலை செய்யும் என்று 1869-ல்கூட ஒருவர் மறுத்து எழுதினார். டார்வின் சண்டைக்குப் போகவில்லை. கென்ட் மாவட்டத்தில் தம் வீட்டருகே ஒரு வயலில் 1842-ல் சுண்ணாம்புக் கட்டிகளைப் பரப்பிவிட்டுக் காத்திருந்தார். ஒன்றிரண்டல்ல, 29 ஆண்டுகள்! 1871-ல் வெட்டிப் பார்த்தால் கட்டிகள் 7 அங்குல ஆழத்தில் வரிசையாகக் கிடந்தன.

1881-ல் நூல் வெளிவந்தது. புழு சருகை வளைக்குள் இழுக்கிறது. மண்ணோடு விழுங்கி, வயிற்றிலுள்ள சிறு கற்களால் அரைக்கிறது. பொலபொலப்பான எச்சமாக மேலே தள்ளுகிறது. வளை வழியே காற்றும் நீரும் வேர்வரை போகின்றன. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஆண்டுக்கு ஏக்கருக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் இப்படிப் புழுவின் உடல் வழியே மேலே வருவதாக அவர் கணக்கிட்டார். (புழுவுக்குக் காது கேட்குமா என்று வீட்டில் பியானோ வாசித்தும் சோதித்தார்கள், கேட்கவில்லை, அதிர்வு மட்டும் தெரிந்தது.)

நமக்குச் சுவையான சேதி இனிமேல்தான். வங்காளத்துப் புழுக்களைக் கவனித்து அவருக்கு எழுதியவர், நம் ஷிப்பூர் தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றிய ஜான் ஸ்காட். டார்வினின் உதவியால் 1864-ல் இந்தியா வந்த தோட்டக்காரர். நூலைப் பார்க்காமலே 1880-ல் காலமானார். நூலில் நீலகிரி மலைப் புழு எச்சம் ஒன்றின் படமும் உண்டு. அங்கிருந்து கிடைத்தவற்றில் பெரியது, காய்ந்த பிறகும் கால் பவுண்டுக்கு மேல். இங்கிலாந்து எச்சமெல்லாம் அதன்முன் சுண்டைக்காய்தான்.

பத்தே ஆண்டுகளில், 1891-ல், பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' வந்தது. அதில் நாங்கூழ்ப் புழுவின் உழைப்பைப் பாராட்டும் பகுதி, பாடப்புத்தகத்தில் படித்தவர்களுக்கு நினைவிருக்கலாம். அவரும் நம்மைப்போல் தமிழ்நாட்டுக்கு வெளியே, திருவனந்தபுரத்தில் இருந்து எழுதியவர்தான்.

சென்ற ஆண்டு பேரனோடு ஷிப்பூர் ஆலமரத்தைப் பார்க்கப் போயிருந்தேன். மழை விட்ட புல்லில் சின்னச் சின்ன மண்குவியல்கள். மிதிக்கக் காலைத் தூக்கினான்.

"டேய், பாத்து" என்றேன். அம்மா குரல் மாதிரியே இருந்தது.