ஆல்ப்ஹார்ன்: வார இறுதி வகுப்பில் பிழைத்த ஒரு மரபு

(நீண்ட பதிவு. மரபு, மீட்டெடுப்பு, மொழிப் பாதுகாப்பு ஆகியவற்றில் ஆர்வமுள்ள மாணவர்களுக்காக.)

1805 ஆகஸ்டு 17 அன்று ஸ்விட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் அருகே, உன்ஸ்புன்னன் என்னும் பாழடைந்த கோட்டையின் அடிவாரத்தில், ஆல்ப்ஸ் மேய்ப்பர்களுக்கென ஒரு பெருவிழா நடந்தது. மல்யுத்தம், பாறாங்கல் எறிதல், பாட்டு ஆகியவற்றோடு ஆல்ப்ஹார்ன் ஊதும் போட்டியும் நிகழ்ச்சி நிரலில் இருந்தது. மேய்ப்பர்களின் தொன்மையான கருவி என்று விழாக்குழுவினர் போற்றிய அந்த நெடிய மரக்கொம்பை ஊதிக்காட்ட வந்தவர்கள் இரண்டே பேர்.

2013இல் கோர்னர்கிராட் மலைமுகட்டில் 508 பேர் ஒன்றாக நின்று அதே கொம்பை ஊதினர். 2024இல் க்ளேவனால்ப் மலையில் அந்த எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது.

இரண்டு எப்படி ஆயிரமாயிற்று? தந்தையிடமிருந்து மகனுக்கு, மலையிலிருந்து மலைக்கு என மரபு தொடர்ந்து வந்தது என்பதுதான் சுற்றுலாக் கையேடுகள் தரும் விடை. ஆவணங்கள் வேறொன்றைச் சொல்கின்றன. ஆல்ப்ஹார்ன் இன்று உயிருடன் இருப்பதற்குப் பெருங்காரணம் வகுப்பு. அதாவது ஓர் ஆசிரியர், சில கருவிகள், சில நாள் பயிற்சி. இன்று கோடைக்கால வார இறுதிகளில் மலைச்சிற்றூர்களில் நடைபெறும் ஆல்ப்ஹார்ன் பயிற்சி முகாம்களைப் பழைய மரபின் நீர்த்துப்போன நகல் என்று கருதுவோர் பலர். அந்த முகாம்களே மரபின் முதன்மையான வழித்தடம் என்பது என் வாதம். அந்த வழித்தடம் எதைக் கடத்துகிறது, எதை வடிகட்டிவிடுகிறது என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

முதலில் கருவியைப் பற்றி. ஏறத்தாழ மூன்றரை மீட்டர் நீளமுள்ள கூம்பு வடிவ மரக்குழாய் அது. துளை இல்லை, விசை இல்லை. சரிவில் முளைத்த ஸ்ப்ரூஸ் மரம் அடியில் வளைந்து வளரும். அந்த இயற்கையான வளைவே கொம்பின் முனையாக அமைந்தது. மரத்தை நெடுக்காகப் பிளந்து, உள்ளே குடைந்து, மீண்டும் பொருத்தி, மேலே பிரம்பு சுற்றுவார்கள். (ஸ்விஸ் தேசியச் சின்னமாகக் கருதப்படும் கருவியை இறுக்கிப் பிடித்திருக்கும் அந்தப் பிரம்பு, தென்கிழக்கு ஆசியக் காடுகளில் விளைவது.) ஊதுபவரின் உதட்டதிர்வும் மூச்சழுத்தமும் மட்டுமே சுரத்தை மாற்றுகின்றன. ஆகவே இக்கருவியில் எழக்கூடியவை ஓர் அடிப்படைச் சுரமும் அதன் இயற்கையான சீரிசைகளும் மட்டுமே. இந்த இயற்பியல் உண்மையை நினைவில் வையுங்கள். கட்டுரையின் முடிவு இதைத்தான் சார்ந்திருக்கிறது.

ஆவணங்களில் ஆல்ப்ஹார்ன் முதலில் தலைகாட்டுவது 1527இல், புனித உர்பான் மடாலயத்தின் கணக்கேட்டில். ஆல்ப்ஹார்னுடன் வந்த வாலிஸ் பகுதிக்காரர் ஒருவருக்கு இரண்டு நாணயங்கள் கொடுக்கப்பட்டதாகப் பதிவு. 1555இல் இயற்கையியலாளர் கொன்ராட் கெஸ்னர், பிலாட்டஸ் மலையில் தாம் கண்ட கொம்பை வருணிக்கிறார்: ஏறக்குறைய பதினோரு அடி நீளம், குடைந்த இரண்டு மரத்துண்டுகள், மேலே மிலாறுகளால் கட்டு. 1619இல் ஜெர்மானிய இசையறிஞர் மிக்கேல் பிரட்டோரியஸ், இத்தகைய கொம்புகளுடன் ஆல்ப்ஸ் மேய்ப்பர்கள் நகரங்களுக்கு வந்து பிச்சை கேட்பதைக் குறிப்பிடுகிறார்.

இந்த மூன்றில் இரண்டு பதிவுகள் காசைப் பற்றியவை. மலையில் மாட்டுக்காக ஊதியது தூய மரபு, காசுக்காகப் பிறர்முன் ஊதியது பிற்காலச் சீரழிவு என்ற இருமைக்கு முதல் ஆவணமே இடம் தரவில்லை. கொம்பு வரலாற்றுக்குள் நுழையும்போதே ஒரு கையில் ஊதுவாயும் மறு கையில் ஏந்திய தொப்பியுமாகத்தான் நுழைகிறது.

மலையில் அதற்குத் தொழில் இருந்ததும் உண்மையே. மேய்ச்சலில் சிதறிய பசுக்களைக் கறவைக்கு அழைக்கவும், கறக்கும்போது அவற்றை அமைதிப்படுத்தவும், எதிர்ச்சரிவில் இருக்கும் மேய்ப்பருக்குச் செய்தி சொல்லவும், மாலை வழிபாட்டு நேரத்தை அறிவிக்கவும் அது பயன்பட்டது. அந்தத் தொழில் தேய்ந்ததற்குப் பொருளாதாரக் காரணம் தெளிவானது. பாலாடைக்கட்டி செய்யும் வேலை கோடைக்கால மலைக்குடில்களிலிருந்து பள்ளத்தாக்கு ஊர்களுக்கு இறங்கியது. பெர்ன் மாநிலத்துக் கீசன் என்னும் ஊரில் 1815இல் தொடங்கிய பால்பண்ணை அந்த மாற்றத்தின் அடையாளம். மலையில் ஆள் குறைந்தால் அழைப்பும் குறையும். மொழியியலில் நாம் பயன்பாட்டுக் களம் சுருங்குதல் என்று சொல்வது இதைத்தான்.

பயன்பாடு சுருங்கிய அதே காலத்தில் பொருள் பெருகியது என்பதுதான் சுவையான முரண். 1688இல் யோஹான்னஸ் ஹோஃபர் பாசல் பல்கலைக்கழகத்தில் அளித்த மருத்துவ ஆய்வேடு, அயல்நாட்டில் வாழும் ஸ்விஸ் மக்களைப் பீடிக்கும் ஊரேக்கத்துக்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயர் சூட்டியது. 1768இல் ரூஸோ தம் இசை அகராதியில், மாடழைக்கும் மெட்டைக் கேட்ட ஸ்விஸ் கூலிப்படையினர் கண்ணீர்விட்டனர், படையைவிட்டு ஓடினர், மாண்டனர்; ஆகவே மரண தண்டனைக்குரிய குற்றமாக அந்த மெட்டு தடை செய்யப்பட்டது என்று எழுதினார். பலரும் இந்தக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். ரூஸோ மேலும் இரண்டு செய்திகளைச் சொல்கிறார். அந்த மெட்டு இசையாகச் செயல்படவில்லை, நினைவூட்டும் குறியாகச் செயல்பட்டது என்பது ஒன்று. இப்போது அதே மெட்டு அதே விளைவைத் தருவதில்லை. பழைய எளிமையின்மீது ஸ்விஸ் மக்களுக்கு நாட்டம் போய்விட்டது என்பது மற்றொன்று. இன்னொரு விவரமும் உண்டு: அந்த மெட்டை மேய்ப்பர் வாசிப்பதாக அவர் எழுதுவது துருத்திக்குழலில். பிற்கால நினைவு அதை ஆல்ப்ஹார்னின் கையில் ஒப்படைத்தது. குறி நிலைத்தது, குறிப்பான் இடம் மாறியது.

இந்தப் பின்னணியில் 1805ஆம் ஆண்டின் விழாவைப் பாருங்கள். 1798இல் பிரெஞ்சுப் படைகள் நுழைந்தபின் பெர்னின் மலைப்பகுதியான ஓபர்லாந்து தனி மாநிலமாயிற்று. 1803இல் நெப்போலியனின் ஏற்பாட்டின்படி மீண்டும் பெர்னுடன் இணைக்கப்பட்டது. அந்தக் கசப்பை ஆற்ற, பெர்ன் நகர மேட்டுக்குடியினர் மலைமக்களைப் போற்றி எடுத்த விழாவே உன்ஸ்புன்னன். 1808இல் நடந்த இரண்டாம் விழாவுக்கு மதாம் த ஸ்தேல் போன்ற ஐரோப்பியப் பிரமுகர்கள் வந்தனர். மூன்றாம் விழாவுக்கு அடுத்த நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. விழா ஒரு கருவியைச் சின்னமாக்கலாம். ஊதுபவரை உண்டாக்க இயலாது. இரண்டு போட்டியாளர்கள் உணர்த்திய பாடம் அதுவே.

அந்தப் பாடத்தைக் கற்றவர், விழாவை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரும் பெர்னின் ஆட்சித் தலைவராக இருந்தவருமான நிக்லாஸ் ஃபிரீட்ரிக் ஃபொன் ம்யூலினன். 1820களில் அவர் புதிய ஆல்ப்ஹார்ன்களைச் செய்வித்தார். கற்பிப்பதற்கு ஃபெர்டினாண்ட் ஃபியூர்ஷ்டெகோட் ஹூபர் என்னும் இசையமைப்பாளர் அமர்த்தப்பட்டார். 1826, 1827 ஆகிய ஆண்டுகளில் கிரிண்டல்வால்ட் ஊரில் ஹூபர் பயிற்சி வகுப்புகளை நடத்தினார். திறமையுள்ள உள்ளூர்வாசிகளுக்குக் கருவிகள் வழங்கப்பட்டன.

இந்த நிகழ்வின் அமைப்பைக் கவனியுங்கள். மேய்ப்பர்களின் கருவியை மேய்ப்பர் வாழும் மலையூரிலேயே கற்பிக்கிறார், எழுதிய இசையில் பயின்ற ஒருவர். பணம் நகரத்தினுடையது, மூச்சு ஊராருடையது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இந்த அமைப்பு அடிப்படையில் மாறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுற்றுலாப் பயணிகள் பெருகியபோது ஊதுவோருக்கு மீண்டும் வருவாய் கிடைத்தது. ரீகி மலை விடுதியில் சூரிய உதயம் காணக் கொம்பூதி எழுப்பும் வழக்கத்தை மார்க் ட்வெய்ன் 1880இல் வெளியான தம் பயணநூலில் எள்ளி நகையாடுகிறார்: பகல் முழுதும் உறங்கிவிட்டு, போர்வையுடன் வெளியே ஓடி, உதயம் என்று நம்பி அவர்கள் காத்திருந்தது அஸ்தமனத்துக்கு. 1910இல் யோடல் பாடகர்களுக்கான தேசிய அமைப்பு தோன்றியது. பின்னர் ஆல்ப்ஹார்ன் ஊதுவோரும் கொடி வீசுவோரும் அதன் குடைக்கீழ் வந்தனர். போட்டி, நடுவர், வகுப்பு, பாடநூல் எல்லாம் நிலைபெற்றன. இன்றைய வார இறுதி முகாம் இந்த வரிசையின் நேரடி வாரிசு.

முகாம் எப்படி நடக்கும்? பொதுவாக வெள்ளி மாலை கூடுவார்கள். சொந்தக் கருவி இல்லாதவர்கள் வாடகைக்கு எடுப்பார்கள். திறன்நிலைப்படி குழுக்கள் பிரியும். சனிக்கிழமை முழுவதும் உதட்டுப் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, தனிப்பாடம்; மாலையில் சேர்ந்து உண்பது. ஞாயிறன்று வெட்டவெளியில் எல்லோரும் சேர்ந்து ஊதுவார்கள். பங்கேற்போரில் பெரும்பாலோருக்கு மாட்டுடன் எந்தத் தொடர்பும் இல்லை. சேர்ந்து ஊதுவதற்கு எல்லாக் கருவிகளும் ஒரே சுருதியில் இருந்தாக வேண்டும். எனவே ஒரு சுருதி நியமமாகிறது. ஸ்விட்சர்லாந்தில் அது பெரும்பாலும் எஃப் ஷார்ப்.

இங்கேதான் சீரிசைகளுக்குத் திரும்ப வேண்டும். இயற்கைச் சீரிசை வரிசையில் பதினோராவது சுரம், பியானோவின் எந்தக் கட்டையிலும் இல்லை. நம் இசைச் சொற்களில் கூறினால், சுத்த மத்தியமத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் ஏறக்குறைய நடுவில் அது விழும். 'ஆல்ப்ஹார்ன் ஃபா' என்று அதற்குப் பெயரே உண்டு. பியானோவில் பழகிய காதுக்கு அது பிசகு. பலர் சேர்ந்து ஊதும் இசையமைப்புகளில் அது பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது.

அது உண்மையில் பிசகா? குழாயின் இயற்பியல் ஊதுபவர்மீது திணிக்கும் குறை மட்டும்தான் அது என்றால், குழாய் இல்லாத இடத்தில் அது மறைந்துவிட வேண்டும். ஷ்விட்ஸ் மாநிலத்து முவோட்டாடால் பள்ளத்தாக்கின் பழைய யோடல் பாட்டில் அது மறையவில்லை. இனவரைவியல் இசையறிஞர் ஹூகோ ஸெம்ப் 1980களில் படமாக்கிய அந்தப் பாடகர்கள், எந்தக் கட்டாயமும் இல்லாத தொண்டையால், அந்த நடுச்சுரத்தை விரும்பிப் பாடினர். அப்படியானால் அது கருவியின் குறை அன்று. ஒரு செவிமரபின் தேர்வு. மொழியியல் மாணவருக்கு இது புதிதல்ல. இலக்கண ஆசிரியர் பிழையென்று அடித்த வடிவம், பேசுவோர் நாவில் விதியாக இயங்குவதை நாம் ஒவ்வொரு கள ஆய்விலும் காண்கிறோம்.

ஹாப்ஸ்பாம், ரேஞ்சர் இருவரும் 1983இல் பதிப்பித்த நூலுக்குப்பின், 'புனைந்துருவாக்கிய மரபு' என்ற தொடர் நம் கருத்தரங்குகளில் ஒரு முத்திரையாகிவிட்டது. ஆல்ப்ஹார்ன்மீதும் அதை எளிதில் குத்தலாம்: நகர மேட்டுக்குடி, அரசியல் விழா, சுற்றுலா, தேசியச் சின்னம். ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் முத்திரை குத்தியவுடன் ஆய்வு முடிந்துவிடுகிறது. வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. மறுபுறம், ஜோஷுவா ஃபிஷ்மன் 1991இல் மொழி மீட்டெடுப்பு பற்றி எழுதியபோது, வீட்டுக்குள் தலைமுறைகளுக்கிடையே கைமாறுவதே அடித்தளம், பள்ளி மட்டும் போதாது என்றார். தாய்மொழிக்கு அது பொருந்தும். குழந்தை பால்குடியோடு கற்காத, வளர்ந்தபின் மூச்சைப் பழக்கிக் கற்கிற ஒரு கலைக்கு அதே அளவுகோல் செல்லாது என்பதை ஆல்ப்ஹார்ன் காட்டுகிறது. வீட்டில் அறுந்த இழை வகுப்பில் முடிச்சிடப்பட்டு, இரு நூற்றாண்டுகள் தாங்கியிருக்கிறது.

ஆனால் முடிச்சு, இழையைப் போல் இருப்பதில்லை. வகுப்பு திறனைக் கடத்தியது, எண்ணிக்கையைப் பெருக்கியது, பல குரலிசையைச் சாத்தியமாக்கியது. அதே வகுப்பு சுருதியை ஒன்றாக்கியது, பதினோராவது சுரத்தை ஓரத்துக்குத் தள்ளியது. அண்மைக்காலத்தில் ஹான்ஸ் கென்னல் போன்ற கலைஞர்கள் அந்தச் சுரத்தைத் தேடித் திரும்பியிருக்கிறார்கள் என்பதும் இந்த வரலாற்றின் பகுதியே. மீட்டெடுப்பு என்பது தொடக்கத்தில் ஒருமுறை எடுத்து முடித்த முடிவு அன்று. புதிதாகக் கற்க வந்தவரின் கொம்பில் முதன்முறையாக அந்தச் சுரம் எழும்போது, ஆசிரியர் "தவறு, மேலே போங்கள்" என்கிறாரா, "நில்லுங்கள், அதையே இன்னொருமுறை ஊதுங்கள்" என்கிறாரா என்பதில் அது ஒவ்வொரு வார இறுதியிலும் மீண்டும் எடுக்கப்படுகிறது.

அருகிவரும் மொழிகளுக்கும் கலைகளுக்கும் நடக்கும் பயிற்சி முகாம்களை ஆவணப்படுத்தச் செல்லும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அங்கே என்ன கற்பிக்கிறார்கள் என்பதோடு, எதைத் திருத்துகிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் கற்றுக்கொண்டார்கள் என்பதைப் பாடத்திட்டமே சொல்லிவிடும். எது கைவிடப்பட்டது என்பதை அந்தத் திருத்தங்களின் பட்டியல்தான் சொல்லும்.